மூக்கைட் ஜாஸ்பர்: கல்லை வாசித்து வாங்கப் பழகுவோம்

ஒரு பாதி கடுகு மஞ்சள், மறு பாதி மாதுளைச் சிவப்பு. இரண்டுக்கும் நடுவே பேனாவால் இழுத்த மாதிரி ஓர் எல்லைக்கோடு. ஓரத்தில் கொஞ்சம் தந்த வெள்ளை, அதற்குள் கரைந்தும் கரையாமலும் ஒரு வெளிர் ஊதா. மூக்கைட் கல்லை முதன்முதலாகப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் கேட்பது, "இதற்குச் சாயம் ஏற்றியிருக்கிறார்களா?" என்றுதான். நல்ல கல்லில் சாயமே இருக்காது. அத்தனை நிறமும் மண்ணுக்கடியில் தானாக ஊறியது.

இந்தக் கல்லைப் புதிதாகச் சேகரிக்கத் தொடங்குகிறவர்களுக்காகவும், நகைக்கு ஒரு துண்டு வாங்க நினைப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். நிறத்தில் மயங்கிக் கல்லை எடுத்துவிட்டுப் பிறகு வருந்துகிறவர்கள் நிறைய பேர். இந்த நிறம் இங்கே ஏன் வந்தது, இந்தக் கோடு எதனால் உண்டானது என்று கேட்கப் பழகினால், எந்தத் துண்டு உறுதியானது, எது உதிரும், எது போலி என்று கையில் எடுத்தவுடனே பாதி தெரிந்துவிடும். அதனால் கடைக்குப் போவதற்கு முன்னால் கல் பிறந்த இடத்துக்குப் போய்வருவோம்.

முதல் படி: கல் பிறந்த கதையைத் தெரிந்துகொள்ளுங்கள்

மேற்கு ஆஸ்திரேலியாவின் கடற்கரை நகரம் கார்னார்வன். பெர்த்திலிருந்து வடக்கே ஏறக்குறைய 900 கிலோமீட்டர். அங்கிருந்து 150 கிலோமீட்டர் அளவுக்கு உள்நாட்டுக்குள் போனால் வறண்ட நிலத்தில் கென்னடி மலைத்தொடர் எழுந்து நிற்கும். அதன் மேற்குப் பக்கத்தில் மூக்கா ஓடை. ஓடை என்று பெயரே தவிர, ஆண்டின் பெரும்பகுதி உலர்ந்துதான் கிடக்கும். அந்த ஓடைப் பகுதியின் மண்ணிலிருந்து உருண்டைகளாகவும் கட்டிகளாகவும் தோண்டி எடுப்பதுதான் மூக்கைட். நம் காதுக்கு முதலில் மூக்கு நினைவுக்கு வரும். ஆனால் பெயர் வந்தது அந்த ஓடையிலிருந்து. விற்பவர்கள் மூக் ஜாஸ்பர், மூக்கரைட் என்றெல்லாமும் சொல்வார்கள். எல்லாம் ஒன்றுதான்.

இன்று பாலையாகக் கிடக்கும் இந்த இடம் ஏறக்குறைய 11 கோடி ஆண்டுகளுக்கு முன், கிரிட்டேசியஸ் காலத்தில், ஆழமில்லாத கடலின் அடித்தளம். அந்தக் கடலில் ரேடியோலேரியா என்ற நுண்ணுயிர்கள் கணக்கற்று மிதந்தன. ஒற்றைச் செல் உயிர்கள்தான், ஆனால் ஒவ்வொன்றும், மணலில் இருக்கும் அதே சிலிக்காவால் தனக்கொரு கூடு கட்டிக்கொள்ளும். பூக்கூடை பின்னினாற்போல ஓட்டை ஓட்டையான, முட்கள் நீட்டிய கூடு. பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, இரு பங்கு அளவு. உயிர் போனதும் கூடு கடலடிக்கு இறங்கும். இப்படி இறங்கிச் சேர்ந்த சேறு இறுகித்தான் அந்தப் பாறை அடுக்கு உண்டானது. புவியியலாளர்கள் அதை விண்டாலியா ரேடியோலரைட் என்கிறார்கள்.

ஆனால் அந்த அடுக்கு முழுவதும் மூக்கைட் இல்லை. புதியவர்கள் அதிகம் குழம்புவது இந்த இடத்தில். அந்தப் பாறையில் பெரும்பகுதி வெளுப்பாக, லேசாக, சுண்ணாம்புக்கட்டி மாதிரி இருக்கும். நாக்கில் வைத்தால் ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு நுண்துளை. கூடுகளின் சிலிக்கா முதலில், படிகமாகாத ஓப்பல் வகையைச் சேர்ந்தது. அது சிலிக்காவின் படிக வடிவமான குவார்ட்ஸைவிடப் பல மடங்கு எளிதில் நீரில் கரையும். நிலத்தடி நீர் அதைக் கரைத்துக்கொண்டு போய் வேறோர் இடத்தில் படியவிட்டது. அப்படிப் படிந்த இடங்களில் துளைகள் அடைபட்டு, கல் மிக நுண்ணிய குவார்ட்ஸாக மாறி இறுகியது. அந்த இறுகிய கட்டிதான் மூக்கைட். நீர் எங்கே எவ்வளவு நின்றதோ அந்த அளவுக்குத்தான் உறுதி. அதனால்தான் ஒரே கட்டியில் ஒரு முனை பீங்கான் போல மின்னும், மறு முனை நகத்தால் சுரண்டினாலே பொடியாகும்.

கறாராகச் சொல்லும் கனிமவியலாளர் இதை ஜாஸ்பர் என்று ஒப்புக்கொள்ளாமல், சிலிக்கா ஏறிய ரேடியோலரைட் என்பார். அவர் சொல்வது சரிதான். ஆனாலும் நுண்குவார்ட்ஸால் ஆனது, ஒளி ஊடுருவாதது, இரும்பால் நிறம் பெற்றது என்று ஜாஸ்பருக்கு நாம் எதிர்பார்க்கும் மூன்றும் இதில் இருக்கின்றன. ஜாஸ்பர் என்ற பெயரும் மிகப் பழையது. கிரேக்கத்தில் இயாஸ்பிஸ், எபிரேயத்தில் யாஷ்பே. தமிழ் விவிலியத்தில் யஸ்பி என்று வருவதும் அந்தச் சொல்தான். பழங்காலத்தில் ஓரளவு ஒளி ஊடுருவும் பச்சைக் கற்களையும் அந்தப் பெயரால் அழைத்திருக்கிறார்கள். ஆக, பெயர் எப்போதும் கொஞ்சம் தளர்வாகத்தான் இருந்திருக்கிறது. வணிகப் பெயரைப் பிடித்துக்கொண்டு சண்டை போடுவதைவிட, கையிலிருக்கும் கல் என்ன என்று தெரிந்துகொள்வது நல்லது.

இரண்டாம் படி: நிறத்தை வாசியுங்கள்

சிலிக்காவுக்கு நிறமில்லை. மூக்கைட்டின் நிறங்களை நடத்துவது இரும்பு. ஹேமடைட் என்ற இரும்பு ஆக்சைடு நுண்துகளாகக் கலந்தால் சிவப்பு. துகள் சற்றுப் பருத்தால் அதே ஹேமடைட் ஊதாச் சாயல் காட்டும். நீரைத் தன்னுள் பிடித்துவைத்திருக்கும் கீத்தைட் என்ற இரும்புக் கனிமம் கடுகு மஞ்சளையும் தேன் பழுப்பையும் தரும். இரும்பு சேராத இடம் வெள்ளை அல்லது தந்த நிறம்.

எல்லைக்கோட்டை உற்றுப் பாருங்கள். இரும்பு கலந்த நீர் பாறைக்குள் ஊறிக்கொண்டு போய் ஓரிடத்தில் நின்றிருக்கும். துணியில் டீ கொட்டி உலர்ந்தால் கறையின் விளிம்பு மட்டும் அடர்ந்து நிற்குமே, ஏறக்குறைய அது போலத்தான். அதனால் சில துண்டுகளில் அலை அலையாக, ஒன்றுக்குள் ஒன்றாக வளையங்கள் தெரியும். இன்னும் சில துண்டுகளில் பழைய கல் உடைந்து சிதறி, அந்தத் துண்டுகளுக்கு நடுவே சால்சிடோனி என்ற, ஒளி கசியும் நுண்குவார்ட்ஸ் கண்ணாடி மாதிரி ஓடி ஒட்டியிருக்கும். எனக்கு மிகவும் பிடித்த வகை அது. உடைந்ததும் ஒட்டியதும் ஒரே முகத்தில் தெரியும்.

மூக்கைட்டில் எதிர்பார்க்கக்கூடிய நிறங்கள்: அடர்சிவப்பு, செம்மண், கடுகு மஞ்சள், தந்தம், வெளிர் இளஞ்சிவப்பு, ஊதா, பழுப்பு. பளீரென்ற நீலம், கிளிப்பச்சை, பேனா மையின் ஊதா இவற்றை யாராவது மூக்கைட் என்று காட்டினால் சந்தேகப்படுங்கள்.

இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கீத்தைட்டைச் சில நூறு டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கினால் நீரை இழந்து ஹேமடைட் ஆகும். மஞ்சள் சிவப்பாகிவிடும். இரும்பு கலந்த சால்சிடோனி வகைகளை இப்படிச் சூடேற்றிச் சிவக்க வைப்பது பழைய வழக்கம். அது ஏமாற்று இல்லை, ஆனால் செய்திருந்தால் விற்பவர் சொல்ல வேண்டும்.

மூன்றாம் படி: வீட்டிலேயே சோதியுங்கள்

ஒரே சோதனையை நம்பி முடிவெடுக்காதீர்கள். பல சிறு சோதனைகள் ஒரே பக்கம் கைகாட்ட வேண்டும்.

முதலில் விளக்கு. இருட்டில் கல்லின் பின்னால் கைபேசி விளக்கைப் பிடியுங்கள். ஜாஸ்பருக்குள் ஒளி நுழையாது. மெல்லிய விளிம்பில் லேசாகக் கசியலாம், உடைந்து ஒட்டிய வகையில் சால்சிடோனி ஓடிய கோடுகள் ஒளிரலாம். கல் முழுவதும் தேன் மாதிரி ஒளிர்ந்தால் அது அகேட்டாகவோ கார்னீலியனாகவோ கண்ணாடியாகவோ இருக்கும்.

அடுத்து கடினம். கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தும் மோஸ் அளவில் ஜாஸ்பர் 6.5 முதல் 7 வரை. சாதாரண எஃகுக் கத்தி 5.5 அளவில் நிற்கும். கல்லின் பின்புறத்தில், கண்ணில் படாத மூலையில் கத்தி முனையால் அழுத்திக் கீறுங்கள். நன்கு இறுகிய மூக்கைட்டில் கீறல் விழாது. கத்தியின் உலோகம் சாம்பல் கோடாக ஒட்டும், விரலால் தேய்த்தால் போய்விடும். பள்ளம் விழுந்தால் அது ஹௌலைட், மாக்னசைட், பளிங்கு, பிசின் இவற்றில் ஒன்றாக இருக்கலாம். சாயம் ஏற்ற அதிகம் பயன்படுத்துவது ஹௌலைட்டும் மாக்னசைட்டும்தான். இரண்டுமே வெள்ளை, நுண்துளை உள்ளவை, நிறத்தை உறிஞ்சும். கடைக்காரரின் கல்லில் அவரைக் கேட்காமல் இந்தச் சோதனையைச் செய்துவிடாதீர்கள்.

மூன்றாவது சோதனைதான் எனக்கு அதிக நம்பிக்கை தருவது. ஒரு கிராமின் பத்தில் ஒரு பங்கு வரை காட்டும் சின்னத் தராசு போதும். முதலில் கல்லை உலர்ந்தபடி நிறுங்கள். பிறகு தராசின் மேல் ஒரு குவளைத் தண்ணீரை வைத்து அளவைச் சுழியாக்குங்கள். கல்லை நூலில் கட்டி, அடியையும் பக்கத்தையும் தொடாமல் தண்ணீருக்குள் முழுகத் தொங்கவிடுங்கள். இப்போது தராசு காட்டும் எடை, கல் விலக்கிய நீரின் எடை. உலர்ந்த எடையை அதால் வகுத்தால் அடர்த்தி எண் கிடைக்கும். கல் 52 கிராம், நீர் 20 கிராம் என்றால் 2.6. ஜாஸ்பருக்கு இது ஏறக்குறைய 2.6 முதல் 2.9 வரை போகும், மூக்கைட் பெரும்பாலும் அதன் கீழ் முனையில் நிற்கும். பிசினில் வார்த்த போலி 1.2 பக்கம் வந்து உடனே மாட்டிக்கொள்ளும். ஹௌலைட்டும் சில கண்ணாடிகளும் 2.5 அளவில் வருவதால் இதை மட்டும் வைத்து அவற்றைப் பிடிக்க முடியாது. ஹௌலைட்டைக் கத்தி பிடித்துவிடும், கண்ணாடிக்கு லென்ஸ் வேண்டும்.

எண் 2.3, 2.4 என்று இறங்கி, தண்ணீரில் போட்டதும் கல்லிலிருந்து குமிழ்கள் கிளம்பினால்? அது போலி என்று அவசரப்படாதீர்கள். சிலிக்கா முழுதாக ஏறாத, துளை நிறைந்த அசல் துண்டாகவும் இருக்கலாம். அப்படிப்பட்டதை நகைக்கு எடுக்க வேண்டாம்.

கடைசியாகப் பத்து மடங்கு பெருக்கும் லென்ஸ். வெடிப்புக்குள்ளும் துளை வாயிலும் நிறம் தேங்கி அடர்ந்திருந்தால் சாயம். உருண்டையான காற்றுக் குமிழ்கள் தெரிந்தால் கண்ணாடி. அசிட்டோனில் நனைத்த பஞ்சால் பின்பக்கம் துடைத்துப் பாருங்கள். பஞ்சில் நிறம் ஏறினால் சாயம் என்பது உறுதி. ஏறாவிட்டால் சாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது, சில சாயங்கள் கரையாது.

நான்காம் படி: துண்டைத் தேர்ந்தெடுங்கள்

பட்டை தீட்டாத கல்லைத் தண்ணீரில் நனைத்துக் காட்டுவார்கள். மெருகேற்றிய பின் நிறம் எப்படி இருக்கும் என்று அது ஓரளவு காட்டும், அதில் தவறில்லை. நீங்கள் செய்ய வேண்டியது, நனைத்த கல் உலர்வதைப் பொறுமையாகப் பார்ப்பது. மேற்பரப்பு முதலில் உலரும். வெடிப்புக்குள் இருக்கும் நீர் தாமதமாக உலரும். அந்த இரண்டு மூன்று நிமிடத்தில் எங்கெங்கே வெடிப்போ அங்கெல்லாம் மயிரிழை மாதிரி கருங்கோடு நிற்கும். கல்லின் குற்றங்களை அதுவே வரைந்து காட்டிவிடும். இணையத்தில் வாங்குவதாக இருந்தால் நனைத்த படம் ஒன்று, உலர்ந்த படம் ஒன்று கேளுங்கள். எந்த ஊர்க் கல், சாயமோ பிசினோ ஏற்றியதா என்றும் கேளுங்கள். நேர்மையான விற்பனையாளர் இதற்கெல்லாம் கோபப்பட மாட்டார்.

உலர்ந்த பின்னும் மங்கலாக, சாக்கட்டி போலத் தெரியும் வெள்ளைப் பகுதியைக் கவனியுங்கள். அதுதான் முழுதாக இறுகாத பகுதி. நான் முதலில் மெருகேற்றிய துண்டில் சிவப்பும் மஞ்சளும் கண்ணாடி போல வந்தன, நடுவிலிருந்த வெள்ளை மட்டும் குழிந்து சொரசொரப்பாகவே நின்றுவிட்டது. எவ்வளவு தேய்த்தும் மின்னவில்லை. முழுதாக இறுகிய கெட்டி வெள்ளை பீங்கான் போல மினுங்கும், உடைந்த முகம் சிப்பியின் உட்புறம் மாதிரி வளைந்து வழவழப்பாக இருக்கும். இந்த இரண்டு வெள்ளைக்கும் உள்ள வேறுபாட்டைப் பழகிவிட்டால் மூக்கைட் வாங்குவதில் பெரும்பகுதி கைவந்துவிடும்.

மோதிரத்துக்கும் பதக்கத்துக்கும் முகப்பட்டை இல்லாமல் மேடாக வழித்தெடுக்கும் கபோஷான் வெட்டுதான் இந்தக் கல்லுக்குப் பொருத்தம். ஒளி ஊடுருவாத கல்லில் முகப்பட்டை வெட்டுவதால் பெரிய பயன் இல்லை. வாங்கும்போது முழுக் கல்லின் அழகைவிட, உங்களுக்கு வேண்டிய சிறு வட்டத்துக்குள் என்ன தெரிகிறது என்று பாருங்கள். ஒரு தாளில் துளை வெட்டி, பலகையாக அறுத்த கல்லின் மேல் நகர்த்திப் பாருங்கள். பெரிதாக அழகாயிருந்த கல் சின்ன வட்டத்துக்குள் வெறும் மஞ்சளாக முடிந்துவிடும். சாதாரணமாகத் தெரிந்த ஒரு மூலையில் மூன்று நிறமும் ஓர் எல்லைக்கோடும் ஒரு சேர அமைந்திருக்கும்.

நிறமும் கோடும் ஒத்திருந்தாலும் வேறு ஊர்க் கற்கள் உண்டு. மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பரா பகுதியிலிருந்து வரும் நொரீனா ஜாஸ்பரிலும் சிவப்பும் கடுகு மஞ்சளும் இருக்கும், ஆனால் குறுக்கும் நெடுக்குமாகக் கோணக் கோடுகள் அதிகம். மடகாஸ்கரின் பாலிக்ரோம் ஜாஸ்பரில் நிறங்கள் வண்ணம் கரைத்து ஊற்றியதுபோல வழியும், சாம்பல் நீலச் சாயலும் எட்டிப்பார்க்கும். எல்லாமே நல்ல கற்கள்தான். ஒன்றின் பெயரில் மற்றொன்றை விற்பதுதான் தவறு.

நேரே போய் எடுக்கலாமா?

கென்னடி மலைத்தொடர் தேசியப் பூங்காவுக்குள் கல் எடுக்கக் கூடாது. மூக்கா பகுதி மேய்ச்சல் நிலமும் சுரங்க உரிமைப் பரப்புமாக இருப்பதால் உரிமையாளரின் அனுமதி வேண்டும். மேற்கு ஆஸ்திரேலியாவில் அரசு நிலத்தில் கனிமம் தேட, சுரங்கத் தேடல் உரிமச் சீட்டு தனியாக வாங்க வேண்டும். முதல் கல்லுக்கு இத்தனை பாடு தேவையில்லை, தெரிந்த விற்பனையாளரிடம் வாங்குங்கள்.

ஐந்தாம் படி: மெருகேற்றுங்கள், ஆனால் ஈரத்தில்

மற்ற எதைத் தவறவிட்டாலும் இந்தப் பத்தியைத் தவறவிடாதீர்கள். மூக்கைட் முழுவதும் சிலிக்கா. உலர்ந்தபடி அறுத்தாலோ தேய்த்தாலோ கண்ணுக்குத் தெரியாத தூள் நுரையீரலில் இறங்கும். அதனால் வரும் சிலிக்கோசிஸ் நோயைக் குணப்படுத்த மருந்தில்லை. சிலிக்கா மிகுந்த செயற்கைக் கல் பலகைகளை அறுத்த தொழிலாளர்கள் இந்த நோய்க்கு ஆளானதால், ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அந்தப் பலகைகளுக்கே தடை விதித்தது. ஆகவே எப்போதும் நீர் விட்டுத் தேயுங்கள். நுண்தூளைத் தடுக்கும் சுவாச முகமூடி அணியுங்கள். சேறு உலர்ந்து பறப்பதற்குள் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். துடைப்பத்தால் கூட்ட வேண்டாம்.

இயந்திரம் இல்லாதவர்கள், ஏற்கெனவே தட்டையாக அறுத்த சிறு பலகை ஒன்றை வாங்கித் தொடங்கலாம். கண்ணாடித் தகட்டின் மேல் நீர்ப்புகாத சிலிக்கான் கார்பைடு தாளை விரித்து, தண்ணீர் விட்டு வட்டமாகத் தேயுங்கள். 220, 400, 600, 1000, 2000 என்று தாள் எண் ஏற ஏறக் கீறல் மெலியும். ஒவ்வொரு தாளிலும் முந்தைய கீறல் முழுதும் போன பிறகே அடுத்ததற்குப் போங்கள். 220 தாளில்தான் அதிக நேரம் பிடிக்கும், கை வலிக்கும். அங்கே அவசரப்பட்டால் கடைசியில் மெருகுக்கு அடியில் அந்தக் கீறல் கண் சிமிட்டும். இறுதியில் ஈரத் தோலில் சீரியம் ஆக்சைடு அல்லது அலுமினியம் ஆக்சைடு மெருகுப் பொடியைக் குழைத்துத் தேய்த்தால் மூக்கைட் சட்டென்று மினுங்கும். அந்த நிமிடத்துக்காகவே மற்றதெல்லாம் செய்யலாம்.

கூழாங்கல் மாதிரி உருட்டி மெருகேற்றும் உருளைக் கலம் இருந்தால் வேலை எளிது, நாள்தான் அதிகம். கலத்தில் மூன்றில் இரு பங்கு கல், கற்கள் முழுகும் அளவுக்குச் சற்றுக் குறைவாக நீர். சிலிக்கான் கார்பைடு பொடி 60/90இல் ஏறக்குறைய ஒரு வாரம், பிறகு 120/220, பிறகு 500, கடைசியில் அலுமினியம் ஆக்சைடு. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் கல்லையும் கலத்தையும் நன்றாகக் கழுவுங்கள். பருத்த பொடி ஒரு துகள் தங்கினாலும் பின்னால் செய்தது வீண். வெடிப்புள்ள துண்டுகளை முதலிலேயே விலக்குங்கள், உள்ளே உடைந்து மற்ற கற்களையும் கீறும். மிஞ்சும் சேற்றைக் கழிவுநீர்க் குழாயில் ஊற்றாதீர்கள், சிமெண்ட் மாதிரி இறுகி அடைத்துக்கொள்ளும்.

ஆறாம் படி: வைத்துக் காப்பது

இதில் சொல்ல அதிகமில்லை. வெதுவெதுப்பான நீர், மென்மையான சோப்பு, பஞ்சுத் துணி போதும். இரும்பு ஆக்சைடு நிறம் என்பதால் வெயிலில் வெளுக்காது. திடீர்ச் சூடு ஆகாது, உள்ளே மயிரிழை வெடிப்பு இருந்தால் அது விரியும். நகையை அதிர்வால் கழுவும் அல்ட்ராசோனிக் கருவியையும் அதே காரணத்துக்காகத் தவிருங்கள். சபையரும் டோபாஸும் இதைவிடக் கடினமானவை, ஒரே பெட்டியில் ஒன்றாகப் போட்டால் மூக்கைட்டில் கோடு விழும்.

இந்தக் கல் நோய் தீர்க்கும் என்று எழுதியிருப்பதைப் பல இடங்களில் படிப்பீர்கள். கையில் வைத்திருந்தால் மனதுக்கு இதமாக இருக்கிறது என்றால் வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவரிடம் போகவேண்டியதை இதற்காகத் தள்ளிப்போடாதீர்கள்.

வாங்கியதும் ஒரு சிறு சீட்டில் கல்லின் பெயர், எடுத்த இடம், வாங்கிய நாள், எடை, நீங்கள் கண்டறிந்த அடர்த்தி எண் இவற்றை எழுதி அதே உறையில் போட்டுவையுங்கள். எடுத்த இடம் தெரியாவிட்டால் அந்த வரியை வெறுமையாக விடுங்கள், ஊகித்து நிரப்ப வேண்டாம்.